லிட்டருக்கு ஒன்பது

அந்த வண்டிக்குத் தெருவில் யாரும் பெயர் வைக்கவில்லை. ‘அது’ என்றாலே எல்லாருக்கும் விளங்கும். “அது நிக்குது, சுத்திப் போ” என்பார்கள். “அது வெளிய போயிருக்கு, சீக்கிரம் உன் வண்டிய உள்ள விடு” என்பார்கள். பெரிய, சதுரமான, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற டீசல் வண்டி. பாறை, சேறு, ஆற்றுமணல் எதிலும் போகும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வாங்கி இரண்டு வருடத்தில் அது போனதெல்லாம் அலுவலகம், காய்கறிக் கடை, பல் டாக்டர்.

வண்டிக்குச் சொந்தக்காரர் எடையளவு ஆய்வாளர். தராசு, படிக்கல், பெட்ரோல் பங்க் மீட்டர் என்று மற்றவர்கள் அளக்கிற எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். ஐந்து லிட்டர் பிடிக்கிற சோதனைக் குடுவை ஒன்றைக் கைப்பிள்ளை மாதிரி எங்கும் தூக்கிக்கொண்டு போவார். பங்க்காரர்கள் அவருக்கு ‘அஞ்சு லிட்டர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து, வீட்டிலும் தங்கிவிட்டது.

அவர் மனைவி நில அளவைத் துறையில் சர்வேயர். பக்கத்து வீட்டுச் சுவர் நான்கு விரற்கடை நம் பக்கம் வந்திருக்கிறது என்று வெறுங்கண்ணாலேயே சொல்லிவிடுவாள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஐந்து மீட்டர் எஃகு டேப் இருக்கும். ஒரே மகள் வானிலை நிலையத்தில் மழையையும் காற்றையும் அளக்கிறாள். அளக்கிற குடும்பம் என்று தெருவில் சொல்வார்கள். எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று இவர்கள் கேட்டதில்லை.

சர்வேயரம்மாவுக்கு அந்த வண்டி ஆகாது. ஏறுவதற்கே ஒரு ஏணி வேண்டும். வாசலில் நிறுத்தினால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. அதைவிட, அது டீசல் குடிக்கிற குடி அவளுக்குச் சகிக்கவில்லை. வாங்கும்போது அஞ்சு லிட்டர் அடித்துச் சொன்னார்: “கம்பெனிக்காரன் பதினொண்ணுன்னு போட்டிருக்கான். அவன் பேச்ச விடு. நான் சொல்றேன், லிட்டருக்கு ஒம்பதுக்குக் கொறையாது.” அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை டீசல் போட்டதையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறார். ஏழே முக்கால், எட்டு, எட்டு தசம் ஒன்று. ஒன்பது அந்த நோட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“ஊருக்குள்ள ஓட்டினா அப்படித்தான்” என்பார்.

“அப்ப ஊருக்கு வெளிய ஓட்டிக் காட்டுங்க” என்று ஒருநாள் அவள் ஒரே போடாகப் போட்டாள். “ஒரு கட்டட கான்ட்ராக்டர் வண்டியக் கேக்கறாரு. திங்கக்கெழம பார்க்க வர்றேன்னு சொல்லியிருக்காரு.”

மனுஷருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் குடுவையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒப்பந்தம் பேசினார். மகளின் வானிலை நிலையம் இருக்கிற மேட்டுக்கு இதுவரை அவர்கள் போனதே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவள்தான் இறங்கி வருகிறாள். அந்தச் சாலையில் கடைசி பெட்ரோல் பங்க்கைத் தாண்டினால் போக இருநூற்றெண்பது கிலோமீட்டர், வர இருநூற்றெண்பது. நடுவில் ஒரு சொட்டு டீசல் கிடைக்காது. கடைசி பங்கில் டேங்க்கை நிரப்பிக் கிளம்புவது, திரும்பி வந்து அதே பங்கில், அதே குழாயில் நிரப்புவது. லிட்டருக்கு ஒன்பது வந்தால் வண்டி வீட்டில் இருக்கும். ஒரு புள்ளி குறைந்தாலும் திங்கட்கிழமை கான்ட்ராக்டருக்கு.

“சரியா?”

“சரி” என்றாள். அவள் உடனே சரி என்றது அவருக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடைசி பங்கில் ஒரு சடங்கே நடந்தது. முதலில் அஞ்சு லிட்டர் தன் குடுவையை எடுத்துப் பங்க்காரரிடம் நீட்டினார். பங்க்காரர் ஓடிப்போய் லைசன்ஸ் காகிதங்களை எடுத்துவந்து நீட்டினார்.

“பயப்படாதீங்க. இது என் சரகம் இல்ல. என் சொந்த நிம்மதிக்கு.”

ஐந்து லிட்டருக்குப் பதினைந்து மில்லி குறைந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்தது டேங்க். குழாய் ‘டக்’கென்று தானே நின்றதும் பங்க்காரர் மூடியைக் கையில் எடுத்தார். இவர் விடவில்லை. டீசல் நுரைக்கும், நுரையை நம்பி நின்றால் கணக்கு பொய்யாகும் என்று சொல்லி, மனைவியைப் பின் பம்பரில் ஏற்றி நிறுத்தி, தான் ஒரு பக்கம் பிடித்து, வண்டியை இருவருமாகக் குலுக்கினார்கள். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு அரசு சர்வேயரம்மா பம்பரில் நின்று குதிப்பதைப் பங்க்காரர் பார்க்காத மாதிரி பார்த்தார். நுரை அடங்கியது, இன்னும் ஐந்து லிட்டருக்கு மேல் உள்ளே போனது. கழுத்து வரை டீசல் பளபளத்ததும்தான் மூடினார்கள்.

கூரைமேல் ஆபத்துக்கென்று இருபது லிட்டர் கேன் இரண்டு இருந்தன. அந்தக் கேன்களின் மூடிக்குக் கம்பி கட்டி, தராசுக்குப் போடுகிற மாதிரி ஈய முத்திரை குத்தியிருந்தார். வழியில் திருட்டுத்தனமாக ஊற்றிக்கொண்டார் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாதாம்.

“யாரு சொல்லப் போறா? வண்டில நானும் நீங்களும்தான்.”

“நீதான் சொல்லுவ.”

பங்க் வாசலில் பூஜ்யம் என்று எழுதிய கிலோமீட்டர் கல் இருந்தது. அதற்கு நேராக வண்டியை நிறுத்தி, மீட்டரையும் பூஜ்யமாக்கிவிட்டுக் கிளம்பினார்கள். எண்பதுக்கு மேல் போகமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்திருந்தார். வேகம் கூடினால் டீசல் குடிக்கும் என்பதால் மட்டுமல்ல, வேகம் என்றால் அவளுக்குப் பயம் என்பதாலும்தான். முள் எண்பதில் அசையாமல் நின்றது. ஏசி போடவில்லை. ஜன்னல் திறந்தால் காற்று இழுக்கும் என்று அதையும் திறக்கவிடவில்லை. இரண்டு பேரும் வியர்த்து வழிந்துகொண்டு, பிளாஸ்கிலிருந்த சூடான டீயைக் குடித்தார்கள். ஆனாலும் அவளுக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால் மேட்டு நிலம் கண்ணுக்கு எட்டுகிற வரை விரிந்து கிடந்தது. இந்தச் சாலையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முப்பது வருடத்துக்கு முன், கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு மாதம் கூடாரத்தில் தங்கி இந்தச் சாலையைச் சங்கிலி பிடித்து அளந்தவர்களில் அவளும் ஒருத்தி. எழுபதிலிருந்து நூறு வரை ஒவ்வொரு கல்லும் அவள் குறித்துக்கொடுத்த இடத்தில் நட்டது. வெயிலில் சங்கிலி நீளும் என்று காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அளப்பார்கள். இதெல்லாம் கல்யாணமான புதிதில் அவரிடம் சொல்லியிருக்கிறாள். கேட்ட மாதிரி தலையாட்டியிருக்கிறார்.

நூறாவது கல் வந்தது. அவள் பழக்கத்தில் மீட்டரைப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு.

“என்னங்க, கல்லுல நூறு. உங்க மீட்டர்ல தொண்ணூத்திரெண்டுதான் காட்டுது.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இது கம்பெனி மீட்டரும்மா. கல்லு நட்டவங்க பாதிய சாப்பாட்டு நேரத்துல நட்டிருப்பாங்க. யாரு போய்க் கேக்கப் போறா?”

சர்வேயரம்மாவுக்குச் சுருக்கென்றது. முப்பது வருட உத்தியோகத்தில் அவள் அளந்ததை ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. திருப்பிக் கொடுக்க நாக்கு நுனி வரை வந்தது. வரட்டும் என்று விழுங்கிக்கொண்டாள். கல்தான் சரி, மீட்டர்தான் குறைத்துக் காட்டுகிறது என்றால் ஓடிய தூரம் கூடும்; தூரம் கூடினால் லிட்டருக்கு ஒன்பதும் வந்தாலும் வந்துவிடும். இவருக்குப் போய் இவள் ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்? கம்பெனி மீட்டரையே கட்டிக்கொண்டு அழட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருநூற்று நாற்பதாவது கல்லோடு தார் முடிந்தது. அதற்கு மேல் சரளை, பாறை, நடுவில் இரண்டு இடத்தில் காய்ந்த ஆறு. அதுவரை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஊருக்குள் திருடன் மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போன வண்டி, ஆற்றுமணலைக் கண்டதும் வேறு வண்டியாகிவிட்டது. அவர் கியரை மாற்றினார். சக்கரங்கள் மணலை அள்ளிப் போட்டுவிட்டு நிதானமாக ஏறின. அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டாவது ஆற்றில்தான் கவனித்தாள், பிடித்திருந்த கை எப்போதோ தளர்ந்துபோயிருந்தது.

மகள் வேலிக் கதவுக்கு வெளியே ஓடிவந்து நின்றாள்.

“நெஜமாவே வந்துட்டீங்களா? வர்றேன் வர்றேன்னு சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன்!”

அங்கே அவளோடு இன்னும் இரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சாமான் லாரி வரும். யார் வீட்டிலிருந்தும் அதுவரை யாரும் மேலே வந்ததில்லை. மகள் தன் அறையைக் காட்டினாள்: ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே ஆகாயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மழைமானியைக் காட்டினாள், காற்றுமானி சுற்றுகிற கம்பத்தைக் காட்டினாள். அஞ்சு லிட்டர் மழைமானியின் வாயைக் கையால் தடவி, “யாரு முத்திரை போட்டது?” என்று கேட்டு மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு நாள் சாப்பாடும் பேச்சும் சிரிப்புமாகப் போனது. போனில் எப்போதும் ‘நல்லா இருக்கேம்மா’ என்று மட்டும் சொல்கிற பெண் இங்கே மூச்சுவிடாமல் பேசினாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதே சர்வேயரம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

கிளம்புகிற காலையில் பையை ஏற்ற வண்டியின் பின்பக்கம் போனாள். பின்கதவில் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்தில் கை வைத்துச் சாய்ந்தவள், கீழே தரையில் இருந்த சக்கரத்தைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. கீழே இருந்தது பெரியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய வண்டியாக வாங்கிய முதல் மாதமே டயர்கள் தேய்ந்திருக்கின்றன என்று மாற்றினார்கள். கரடுமுரடான பாதைக்கு இதுதான் எடுப்பாக இருக்கும் என்று கடைக்காரர் ஒரு சுற்றுப் பெரிய டயரைத் தலையில் கட்டினார். ஓடுகிற நான்கை மட்டும் மாற்றினார்கள். உபரி பழைய அளவிலேயே தொங்குகிறது. சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்பதுதான் மீட்டருக்குத் தெரியும். சக்கரம் பெரிசானது அதற்குத் தெரியாது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகிறது. மீட்டர் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டு வருடமாக.

“அம்மா, அடுத்த தடவ எப்ப?” என்று மகள் கேட்டாள்.

“பார்க்கலாம்” என்றாள். திங்கட்கிழமை கான்ட்ராக்டர் வருகிறார் என்பதை மகளிடம் சொல்லவில்லை.

திரும்புகிற வழி முழுக்க அவள் கற்களை எண்ணிக்கொண்டே வந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்பதே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் வண்டி நிற்கும். வாசலில் வெளிச்சம் வராது. ஜெயித்துவிட்டேன் என்று இவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். அதுவும் அவள் நட்ட கல்லைப் பழித்த வாயால். ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது, அதை மறைப்பானேன். நூறாவது கல் வந்தபோது அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை என்றதும் வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

பங்க்கில் மீட்டர் ஐந்நூற்றுப் பதினாறு காட்டியது. அதே குழாய், அதே இடம். பங்க்காரர் இந்தத் தடவை பயமில்லாமல் சிரித்தார். டீசல் ஓடியது. ஐம்பத்தேழு லிட்டரில் குழாய் ‘டக்’கென்று நின்றது.

“ஃபுல் ஆயிடுச்சு சார்.”

ஐந்நூற்றுப் பதினாறை ஐம்பத்தேழால் வகுக்க அவளுக்குக் காகிதம் வேண்டியதில்லை. ஒன்பதுக்கு மேலே ஒரு துளி. அவருக்கும் வேண்டியதில்லை. அவர் கண் ஒரு நொடி பங்க் மீட்டர் மேலேயே நின்றது. மூடி பங்க்காரர் கையில் இருந்தது. அப்படியே வாங்கித் திருகியிருந்தால் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது.

“நுரை இருக்கு” என்றார். “குலுக்கணும்.”

அவள் பம்பரில் ஏறவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். அவரே தனியாக வண்டியைப் பிடித்துக் குலுக்கினார், நெற்றியில் வியர்வை சொட்டச் சொட்ட. நுரை அடங்கியது. டீசல் மறுபடி ஓடியது. ஐம்பத்தெட்டு, அறுபது. கழுத்தில் டீசல் பளபளத்தபோது அறுபத்திரண்டு.

நோட்டை எடுத்து பானட்டில் வைத்து எழுதினார். எட்டு தசம் மூன்று இரண்டு. அடிக்கோடு போட்டார். பிறகு கூரைக்கு ஏறி, கேன் இரண்டையும் இறக்கி, ஈய முத்திரை உடையாமல் இருக்கிறதா பார் என்று அவளிடம் காட்டினார்.

“சொன்னா சொன்னதுதாம்மா. அந்த கான்ட்ராக்டருக்குப் போன் பண்ணி வரச் சொல்லிடு.” கேன் கம்பியைச் சரிசெய்தபடியே சொன்னார்: “வித்ததுக்கப்புறம் பொண்ணப் பார்க்க சாமான் லாரிலதான் போகணும். நான் கேட்டேன், ரெண்டு பேரு ஏறிக்கலாமாம்.”

சர்வேயரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தோற்கிற கணக்கைக்கூட நுரை போக அளக்கிற இந்த மனுஷரிடம் வாயை மூடிக்கொண்டு ஜெயிப்பது வெட்கமாக இருந்தது. கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தாள்.

“இங்க வாங்க. இதப் பிடிங்க.”

“என்னத்துக்கு?”

“பிடிங்கன்னா பிடிங்க.”

உபரிச் சக்கரத்தைச் சுற்றி டேப்பை ஓட்டினாள். இரண்டு மீட்டர் நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். அடுத்தது தரையில் ஓடுகிற சக்கரம். ஜாக்கி வைத்து வண்டியைக் கொஞ்சம் தூக்கி, மண்டிபோட்டு, டயருக்கும் தரைக்கும் நடுவே அவர் டேப்பை நுழைத்துக் கொடுக்க, அந்தப் பக்கம் இவள் வாங்கினாள். இரண்டு அறுபத்தைந்து. இரண்டையும் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். எடையளவு ஆய்வாளருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அவர் உதடு அசைந்தது, வகுத்தார், பெருக்கினார்.

“ஐந்நூத்தி அறுபது” என்றார் மெதுவாக.

“கல்லும் அதத்தான் சொல்லுது. போக இருநூத்தி எம்பது, வர இருநூத்தி எம்பது. அறுபத்திரெண்டால வகுங்க.”

“ஒம்பது தசம் பூஜ்யம் மூணு.”

குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டார்.

“ஊரு முழுக்க மீட்டர் செக் பண்றேன். ஒரு படிக்கல்லு ரெண்டு கிராம் கொறைஞ்சா கடையப் பூட்றேன். என் மூக்குக்குக் கீழ இருக்கிற மீட்டர் ரெண்டு வருஷமா பொய் சொல்லியிருக்கு.” சட்டென்று நிமிர்ந்தார். “உனக்கு எப்பத் தெரியும்?”

“தப்புன்னு போகும்போதே தெரியும். ஏன்னு இன்னைக்குக் காலைல தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“ஜெயிக்கணும்னுதான்” என்றாள். “அதோட நீங்க என் கல்ல சாப்பாட்டு நேரத்துல நட்டதுன்னு சொன்னீங்க. எழுபதுலேர்ந்து நூறு வரைக்கும் நான் அளந்து நட்டது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ. கல்யாணம் ஆன புதுசுல சொன்னேன், நீங்க தலையாட்டினீங்க.”

அஞ்சு லிட்டர் எழுந்துபோய்ப் பங்க் வாசலிலிருந்த பூஜ்யம் கல்லின் முன்னால் நின்றார். குனிந்து அதன் தலையில் படிந்திருந்த புழுதியைக் கைக்குட்டையால் துடைத்தார். முத்திரை போட்ட தராசை மட்டும்தான் அவர் அப்படித் துடைப்பார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பங்க்காரர் இருக்கிறாரே என்று டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமானாள்.

திரும்பி வந்து சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு போட்டு, பொய்த் தராசுக்கு எழுதுகிற அதே வார்த்தையை எழுதினார்: நிராகரிக்கப்பட்டது. இரண்டு வருடம் முழுதும் எழுதி முடிக்கிற வரை அவள் பொறுமையாக நின்றாள். பிறகு புதுப் பக்கத்தில் இரண்டு பத்தி பிரித்தார். ஒன்றின் தலையில் லிட்டர், இன்னொன்றின் தலையில் கிலோமீட்டர். நோட்டையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார்.

“லிட்டர நான் எழுதறேன். இனிமே கிலோமீட்டர் உன்னோடது.”

அவள் 560 என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. பிறகு போனை எடுத்துக் கான்ட்ராக்டரிடம், வண்டியை விற்பதாக இல்லை, சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று சொன்னாள். மகளுக்கும் ஒரு செய்தி அனுப்பினாள்: ‘அடுத்த மாதம் வருகிறோம்.’

“சாவியக் குடுங்க” என்றாள்.

“நீயா? இதையா?”

“எம்பதுக்கு மேல போகமாட்டேன்னு சத்தியம் பண்ணீங்கல்ல? உங்க முள்ளு எம்பது காட்டறப்ப வண்டி எம்பத்தேழுல போயிருக்கு. போக வர எம்பத்தேழு. உங்க சத்தியம் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா?”

அவர் சாவியைக் கொடுத்தார். அவள் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி வைத்து, ஜன்னல் நான்கையும் திறந்துவிட்டாள். காற்று உள்ளே அடித்தது. அவர் மடியில் குடுவையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பங்க்காரர் கையாட்டினார்.

“எழுபத்தி மூணுல போம்மா” என்றார் அஞ்சு லிட்டர். “அதுதான் எம்பது.”